அப்பாவின் கண்ணும் அரவிந்தும்: 9 வருட அனுபவம்

அப்பாவுக்கு கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்) என்று தெரிந்து 9 வருடம் ஆகிறது. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன், நடுவில் வலது கண்ணில் புரை ஆபரேஷனும் அங்கேயே ஆனது.

அதற்கு முன் வேறொரு மருத்துவமனை. போகிற தடவையெல்லாம் ஃபைலைத் தேடுவார்கள், எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் "எத்தனை நாளா இருக்கு" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அப்பா சொல்லிச் சொல்லியே சோர்ந்துபோனார். இங்கே எம்.ஆர். நம்பரை, அதாவது நோயாளியின் பதிவு எண்ணைச் சொன்னால் போதும், போன தடவை கண்ணில் எவ்வளவு பிரஷர் இருந்தது என்பது வரை முன்னால் வந்துவிடும்.

எனக்குப் பெரிதாகப் படுவது சிஸ்டர்கள்தான். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளவு, பிரஷர், சொட்டு மருந்து எல்லாம் அவர்கள் கையில். ஒருமுறை ஃபீல்டு டெஸ்டில் (சுற்றுப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை), வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டுமே, அப்பா பாதியில் கண் அசந்துவிட்டார். அந்தப் பெண் மெஷினை நிறுத்தி, "ஐயா, தண்ணி குடிச்சிட்டு வாங்க, முதல்ல இருந்து பார்ப்போம்" என்றாள். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். தப்பான ரிப்போர்ட் டாக்டர் மேசைக்குப் போகவில்லை. எல்லா அளவும் எழுதி முடிந்த பிறகுதான் டாக்டர் பார்க்கிறார், அதனால் அவருடைய நேரம் முழுக்க முடிவு எடுப்பதற்கே போகிறது.

ஆபரேஷன் தியேட்டரிலும் இதே கணக்குதான், ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார்செய்து விடுகிறார்கள். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம் இது. 1992-இல் அரவிந்தின் சொந்தத் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் வந்து, புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்ததால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகிறது. காசு கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவும் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். அப்புறம், இப்போது போடுகிற சொட்டு மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை வேளை போடுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்.