கப்பலில் போகிறவர் முத்திரையை எதில் வாங்குவது?

சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு வந்து கடப்பிதழைப் (பாஸ்போர்ட்டைப்) புரட்டினால், பெரும்பாலும் ஒரு சாப்கூட, அதாவது குடிநுழைவு முத்திரைகூட, விழுந்திருக்காது. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனமே முன்கூட்டி அனுப்பிவிடுகிறது. துறைமுகத்தில் கப்பலுக்கே மொத்தமாக அனுமதி கிடைத்துவிடும். சில பயணங்களில் ஏறும்போதே கடப்பிதழை ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். 2020 நவம்பரில் இங்கே தொடங்கிய, எந்தத் துறைமுகத்திலும் நிற்காத பயணங்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கப்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹாங்காங் 2013லேயே முத்திரையை விட்டுவிட்டுச் சீட்டுக்கு மாறியது. சிங்கப்பூர் 2022இல் வெளிநாட்டவருக்கு முத்திரை குத்துவதை நிறுத்தி, மின்னஞ்சலில் அனுமதி அனுப்பத் தொடங்கியது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் கைரேகைக்கும் முகப்படத்துக்கும் மாறத் தொடங்கின. ஆகவே அதிகாரபூர்வ முத்திரைக்கு மதிப்பு அதிகம்தான், ஆனால் அது நம் கையில் இல்லை. கூட்டம் குறைவாக இருக்கும்போது பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

அப்படியானால் நினைவு முத்திரையைக் கடப்பிதழிலேயே குத்திக்கொண்டால் என்ன? அர்ஜென்டினாவின் உஷுவாயா, அண்டார்டிகாவின் போர்ட் லாக்ராய், பெருவின் மச்சு பிச்சு என்று பல இடங்களில் இதற்கென்றே முத்திரை வைத்திருக்கிறார்கள். அழகாகவும் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்றே அழுத்திச் சொல்வேன். கடப்பிதழ் நம் பையில் இருந்தாலும் அது அரசாங்கத்தின் சொத்து. மச்சு பிச்சு முத்திரை இருந்த காரணத்தால் ஒரு பிரிட்டிஷ் பயணியைத் தாய்லாந்து போகும் வழியில் விமானத்தில் ஏற்ற மறுத்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. விமானமாவது அடுத்தது இருக்கும். கப்பல் அப்படியா? சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையத்தில் உங்கள் கடப்பிதழைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டால், மொத்தக் குடும்பத்தின் விடுமுறையும் போச்சு. இந்தியக் கடப்பிதழில் பயணம் செய்யும் நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. விசா ஒட்டவே பக்கம் வேண்டும், அதை அலங்காரத்துக்குக் கொடுக்க முடியாது.

காலாவதியான பழைய கடப்பிதழில் குத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். பழையதில் இன்னும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கக்கூடும். அதையும் தொடாமல் விடுவதே நல்லது.

தனி நோட்டுப் புத்தகம் நல்ல வழி, குறிப்பாகக் கப்பல் ஜப்பான், தைவான் பக்கம் போகிறது என்றால். ஜப்பானில் ரயில் நிலைய முத்திரை 1931இல் ஃபுகுயி நிலையத்தில் தொடங்கிய வழக்கம். இன்றும் பல நிலையங்களில் மேசைமேல் முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கும், இலவசம், பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒகினாவாவின் நாஹாவில் கப்பல் நின்றால் ஷுரி கோட்டைக்குப் போய்வரலாம். ஜப்பானின் 100 சிறந்த கோட்டைகள் பட்டியலில் நூறாவது அதுதான், அந்தப் பட்டியலுக்கென்றே தனி முத்திரையும் அங்கு உண்டு. தைவானிலும் ரயில் நிலையங்களிலும் சுற்றுலாத் தகவல் நிலையங்களிலும் முத்திரை வைத்திருக்கிறார்கள்.

நோட்டு வாங்கும்போது கடப்பிதழ் அளவில் அழகாகத் தைத்த சிறிய நோட்டுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ரயில் நிலைய முத்திரைகள் உள்ளங்கை அகலம் வரும், ஓரம் வெட்டுப்படும். சிங்கப்பூரின் பிராஸ் பசா கடைகளில் கோடு போடாத, கெட்டித் தாள் ஏ5 நோட்டு கிடைக்கும், அது போதும். முதலில் ஒரு துண்டுத் தாளில் குத்திப் பாருங்கள். மை அதிகமாக இருந்தால் இரண்டாவது தடவைதான் கோடுகள் தெளிவாக விழும். நோட்டில் குத்தும்போது நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். அசைத்தால் இரட்டைக் கோடு விழும். மூடுவதற்கு முன் நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்தால் எதிர்ப்பக்கம் கறைபடாது.

நோட்டின் ஒரே குறை, பல முத்திரைகளில் தேதி இருக்காது. என்றைக்கு அங்கே நின்றோம் என்பதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் குறை இல்லாதது, கடிதத்தில் அஞ்சலகம் குத்தும் அஞ்சல் முத்திரை. ஊர்ப்பெயர், தேதி, குத்துவது அஞ்சலக ஊழியர். கடப்பிதழில் நாம் தேடியது இதைத்தானே! என் ஓட்டு இதற்குத்தான்.

கப்பல் பயணிக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு வகையும் இதில் உண்டு: ‘பாக்கெபோ’ முத்திரை. நடுக்கடலில் கப்பலில் போடும் கடிதத்துக்கு அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி தாங்குகிறதோ அந்த நாட்டின் அஞ்சல்தலையை ஒட்டலாம் என்று உலக அஞ்சல் ஒன்றியம் 1890களில் விதி வகுத்தது. கப்பல் அடுத்த துறைமுகத்தில் கடிதங்களை ஒப்படைக்கும், அங்குள்ள அஞ்சலகம் தன் முத்திரையோடு இதையும் குத்தும். சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்கள் பல பஹாமாஸ் கொடியுடையவை. பஹாமாஸ் அஞ்சல்தலைமேல் வேறொரு நாட்டுத் துறைமுகத்தின் முத்திரை விழுந்த உறை, சேகரிப்பவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் எல்லாக் கப்பலிலும் கடிதம் வாங்குவதில்லை. ஏறிய முதல் நாளே வரவேற்பு முகப்பில் விசாரித்துவிடுங்கள், அஞ்சல்தலையையும் முன்பே தருவித்துக் கையில் வைத்திருங்கள்.

அவ்வளவு மெனக்கெட முடியாது என்பவர்களுக்குப் பினாங்கு சுலபம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் எதிரிலேயே இருக்கிறது. 1902இல் கட்டி முடித்த விக்டோரியா மணிக்கூண்டைத் தாண்டினால் பெரிய அஞ்சலகம் அருகில்தான். ஓர் அஞ்சலட்டையில் சிங்கப்பூர் வீட்டு முகவரியை எழுதி, மலேசிய அஞ்சல்தலை ஒட்டி, முகப்பில் கொடுத்து, இயந்திரத்தில் போடாமல் கையால் சாப் குத்தித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கப்பல் ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்கிறதா என்று மட்டும் பயணத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அஞ்சலகம் விடுமுறை.