பெரியம்மாவைப் பாம்பு கடித்த ராத்திரியும் பீரோவுக்குள் இருந்த வரைபடமும்

சிங்கப்பூரில் இருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஸ், பேங்க், ஆதார் வேலை எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பாம்புக்கடி விஷயத்தை மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

பாலக்கோட்டில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ராத்திரி மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போன பெரியம்மா கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் தட்டுப்போருக்குள் பாம்பின் வால் மட்டும் போகிறது. உடனே வழக்கமான கூத்து: ஒருவர் கயிறு தேடுகிறார், ஒருவர் மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்கிறார், மந்திரிக்கிறவருக்கு ஆள் போகிறது. கட்டாதீர்கள், கீறாதீர்கள், கையை அசைக்காமல் வைத்தால் போதும் என்று கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. போன் மேப்பில் மருத்துவமனை என்று போட்டதும் பக்கத்திலேயே ஒன்றைக் காட்டியது. அண்ணன் காரை விரட்டினார். போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது, மாலை 5 முதல் 8 வரை என்று போர்டு, அதுவும் பல் டாக்டர்! அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார். "தம்பி, அங்க இங்க சுத்தாதீங்க, நேரா ஜி.எச். போயிடுங்க, விஷமுறிவு மருந்து இருக்கு, கேட்டுட்டேன்." ஜி.எச்.சில் நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் மேஜை மேல் நிறுத்தி வைத்தார். 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் உறைந்திருந்தது. கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் உறையாமல் தண்ணீராக ஓடுமாம். கட்டுவிரியன் விஷம் இந்தச் சோதனையில் தெரியாது என்பதால், இமை தொங்குகிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மருந்து போட வேண்டிய அவசியமே வரவில்லை, மறுநாள் ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் ஒரு பைசா கேட்கவில்லை.

எங்கே மருந்து இருக்கும் என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? அவர் மகளிர் குழுவில் இருக்கிறார். (சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் முதலில் தொடங்கியதே எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்தே இருந்தது.) ஒரு பயிற்சியில் ஊர் வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கன்வாடி வாசலில் கோலமாவால் போட்டு, பிறகு சார்ட் பேப்பரில் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு விரித்துக் காட்டினார். விஷமுறிவு மருந்து எங்கே இருக்கும், துணை சுகாதார நிலையம், செவிலியர் நம்பர், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் கார் யாருடையது, ரத்தம் கொடுக்கிறவர்கள், தனியாக இருக்கும் வயசானவர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, வண்டிகள் விழும் வளைவு, கம்பம் இருந்தும் லைட் எரியாத தெரு, எல்லாமே அதில் இருக்கிறது. இன்னார் வீட்டில் ராத்திரி குடித்துவிட்டு அடி நடக்கும் என்பதுகூடத் தெரியுமாம், அதை மட்டும் எழுதாமல் ஓரத்தில் 181 என்று பெண்கள் உதவி எண்ணைப் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 995 அடித்தால் ஆம்புலன்ஸ் வரும், ப்ளாக்குக்குக் கீழே லிஃப்ட் பக்கத்தில் இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் கருவி தொங்கும். ஆனால் எதிர் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு அருமையான வரைபடம் எங்கே இருந்தது? குழு பீரோவுக்குள், சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு! பயிற்சி முடிந்ததும் உள்ளே போனது வெளியே வரவில்லையாம். எனக்கு அதைப் பார்த்துத்தான் அழுகையே வந்தது. மேப் காட்டிய ஷட்டருக்கு முன்னால் நாங்கள் நின்றபோது சரியான பதில் தெருவுக்குள்ளேயே சுருண்டு கிடந்திருக்கிறது.

ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுத ஊராட்சியில் கேட்டிருக்கிறோம், பெயின்டர் செலவு என்னுடையது. ஊருக்கு வெளியே இருக்கிறவர்கள் கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பதோடு இதற்கும் கொடுங்கள். சுவரில் ஏறுவதற்கு முன்னால் இன்னும் ஒன்று முடிவாக வேண்டும்: மழையில் ஏரிக்கரை வழி அடைபட்டால் 108 வண்டி எந்த இடம் வரை வரும், அதுவரைக்கும் ஆளை யார் தூக்கி வருவது என்று. அக்கா அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றிருக்கிறார்.