வரிசையாகச் சொல்வதா, பேச்சோடு பேச்சாகச் சொல்வதா?

கிறிஸ்துவைப் பற்றி மற்றவர்களிடம் சொல்ல முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. சபையில் சுவிசேஷப் பயிற்சி எடுத்தவர்களுக்கு முதல் வழி நன்றாகவே தெரியும். வேதத்தின் ரோமர் நிருபத்தில் 3:23-இல் தொடங்கி 6:23, 5:8, 10:9 என்று போகும் வரிசை. எல்லாரும் பாவம் செய்தோம், பாவத்தின் சம்பளம் மரணம், நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார், அறிக்கையிட்டு விசுவாசித்தால் இரட்சிப்பு. இதை மனப்பாடம் செய்துகொண்டு, முடிவில் ஒரு தீர்மானத்துக்கு அழைப்பது. 1962-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் கென்னடி என்ற போதகர் தொடங்கிய பயிற்சியும் இந்த வகைதான். 'இன்றிரவு நீங்கள் இறந்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உண்டா' என்ற கேள்வி அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, அன்றாடப் பேச்சில் விசுவாசம் தானாக வருகிற இடத்தில் அதை மறைக்காமல் சொல்வது. இரண்டையும் பழகிப் பார்த்துவிட்டு நான் இதையே வைத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

வாயே திறக்காமல் வாழ்ந்து காட்டினால் போதும் என்று மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. 'தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்து' என்று அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வரி இல்லை. சகோதரர்கள் தங்கள் செயல்களாலும் பிரசங்கிக்க வேண்டும் என்று தன் துறவிகளுக்கான 1221-ஆம் ஆண்டு ஒழுங்கில் எழுதியவர் அவர் என்பது உண்மை. ஆனால் அவரே ஊர் ஊராகப் போய்ப் பேசியவரும்கூட. வாழ்ந்து மட்டும் காட்டினால், நல்ல மனிதர் என்று நம்மைப் பற்றி நினைப்பார்கள், கிறிஸ்துவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. இந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

மீதி இரண்டில், வரிசைமுறையின் பலம் வெளிப்படையானது. முக்கியமானது எதுவும் விட்டுப்போகாது, கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பேச்சோடு பேச்சாகச் சொல்வதில் இந்த மூன்றுமே கிடையாது. பிறகு ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: மறுநாள்.

நாம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் நாளையும் நம் எதிரில் வந்து நிற்கப்போகிறவர்கள். கூட வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய நண்பர். வரிசை ஒரு பதிலைக் கேட்டு முடிகிறது. அவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அடுத்த முறை நம்மைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று அவர் யோசிப்பார். பேச்சோடு பேச்சாகச் சொன்னதற்கு அந்த மாதிரி முடிவு கிடையாது. 'வார இறுதி எப்படிப் போனது' என்று கேட்கிறார். வெறுமனே 'நன்றாகப் போனது' என்று சொல்லாமல், 'சபையில் மன்னிப்பைப் பற்றிப் பேசினார்கள், நான் பேசாமல் இருக்கிற ஒருவர் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது' என்று உள்ளதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அவர் அதை எடுத்துக்கொண்டு மேலே கேட்டால் பேசலாம். கேட்காவிட்டால் பேச்சு வேறு பக்கம் போகும், யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று, மறுநாள் இருக்கிறது என்பதால் 'தெரியவில்லை' என்று சொல்ல முடிகிறது. 'நல்லவர்களுக்கு ஏன் இப்படி நடக்கிறது' என்று ஒருவர் கேட்டால், வரிசையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகவேண்டியிருக்கும். எனக்கோ, 'முழு பதில் என்னிடம் இல்லை, யோசித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறுபடி வந்து பேச வழி இருக்கிறது. அப்படித் திரும்பி வருவதைத்தான் ஆட்கள் கவனிக்கிறார்கள். ஜெபமும் அப்படியே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவரிடம் 'நான் ஜெபிக்கலாமா' என்று கேட்பது எளிது. அடுத்த வாரம் ஞாபகமாக 'அம்மா எப்படி இருக்கிறார்கள்' என்று கேட்பதில்தான் வேலை இருக்கிறது. இந்த வழியின் பராமரிப்புச் செலவு இதுதான், அது குறைவும் இல்லை. மறதிக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

வேதத்திலும் என் பக்கத்துக்குச் சாட்சி உண்டு. யோவான் 4-இல் இயேசு, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். அவள் ஊருக்குள் போய், 'வந்து பாருங்கள், அவர் கிறிஸ்துதானோ' என்று கேள்வியாகவே விட்டுவிடுகிறாள். 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்வது, நம்மிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு. அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் செய்யச் சொல்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். பேச்சோடு பேச்சு என்பது பல மாதம் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்ற அளவிலேயே நின்றுவிடக்கூடும். சிலுவை வரவே வராது. அதனால் ரோமர் வசனங்களை நான் மறந்துவிடவில்லை. 'அப்படியென்றால் நீங்கள் உண்மையில் எதை நம்புகிறீர்கள்' என்று யாராவது நேராகக் கேட்டால் அந்த வரிசைதான் கைகொடுக்கிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மழை பெய்கிறது என்றால் உடனே நோவா, மீன் வாங்கினேன் என்றால் உடனே பேதுரு என்று இழுத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். அது வரிசைமுறையைவிட மோசம். வரிசையிலாவது ஒளிவுமறைவு இல்லை.

நீங்கள் மேலதிகாரியாகவோ ஆசிரியராகவோ இருந்தால் இரண்டு வழியிலுமே கவனம் வேண்டும். உங்களுக்குக் கீழே இருப்பவரால் சுலபமாக 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அவராகக் கேட்கும்வரை பொறுப்பது நல்லது.

பயணத்தில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாதவர், மரணப் படுக்கையில் இருப்பவர் ஆகியோரிடம் வரிசைமுறைதான் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அங்கே மறுநாள் என்பது இல்லை. அப்போஸ்தலர் 8-இல், வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறிய பிலிப்புவுக்கும் அந்த ஒரு பயணம்தான் கிடைத்தது. ஆனால் அவரும் முதலில் 'வாசிப்பது புரிகிறதா' என்றுதான் கேட்டார். இந்த இடங்களில் என் அனுபவம் குறைவு, அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

சொந்த வீட்டாரிடம் எது நல்லது என்று கேட்டால் என்னிடம் தெளிவான பதில் இல்லை. இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. வரிசையாகச் சொன்னால் 'எங்களுக்கேவா' என்கிறார்கள். பேச்சோடு பேச்சாகச் சொன்னால் யார் காதிலும் விழுவதில்லை. இப்போதைக்கு அவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறேன்.