ஒரே வீடா, வாரத்துக்கு ஒரு வீடா?

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் குழந்தையைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் என்னிடம் என்று மகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது ஒன்று. அம்மா வீட்டிலேயே அவள் வளர்வது, வார இறுதியில் என்னிடம் வந்து இரவும் தங்குவது, பள்ளி விடுமுறையில் பாதி என்னோடு என்பது மற்றொன்று. இரண்டாவதை எடுத்தோம். குழந்தையைத் தினமும் பார்க்க முடியாத அப்பாவாக இருந்தும் நான் அதையே சொல்வேன்.

சட்டம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். எந்த வயதிலும் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். பெற்றோர் இருவரும் பகிர்ந்து குழந்தையை வைத்துக்கொள்ளும் கூட்டுப் பொறுப்பையும் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லி 2015இல் சட்ட ஆணையம் தன் 257வது அறிக்கையில் பரிந்துரைத்தது.

வாரம் மாற்றி வைத்துக்கொள்வதில் பெரிய நன்மை, அப்பா விருந்தாளியாக ஆகிவிடுவதில்லை. வீட்டுப்பாடம், காய்ச்சல், அடம் எல்லாம் இருவருக்கும் பங்கு. அம்மாவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறதே! பள்ளி தாம்பரத்தில், என் வீடு அம்பத்தூரில். என் வாரங்களில் குழந்தை விடியும் முன் எழுந்து பைபாஸ் நெரிசலில் போக வேண்டும். பள்ளி வேன் அவ்வளவு தூரம் வராது. சரி, நான் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை இரண்டு பேரும் அங்கேயே இருப்போமா? வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லலாம், வேலை மாற்றலாகலாம், யாராவது மறுமணம் செய்யலாம். ஒருவர் நகர்ந்தாலே ஏற்பாடு முழுவதும் குலையும். இந்து திருமணச் சட்டத்தின் 26வது பிரிவின்படி உத்தரவை மாற்றிக் கேட்கலாம்தான். அதற்கு மறுபடி மனு, நோட்டீஸ், வாய்தா. அந்த நாட்களில் குழந்தை எங்கிருந்து பள்ளிக்குப் போகும்? ஒரே வீடு என்றால், நான் எங்கே மாறினாலும் அவளுடைய பள்ளியும் சிநேகிதிகளும் மாறுவதில்லை.

இதில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "நியாயமான அளவில் சந்திக்கலாம்" என்று ஒரே வரியில் விட்டுவிடாதீர்கள். வெள்ளி மாலை பள்ளியிலிருந்தே அழைத்துப் போவது, ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது, மே மாதத்தில் எந்தப் பாதி, தீபாவளி பொங்கல் யாரிடம், மதிப்பெண் பட்டியலும் மருத்துவச் சீட்டும் இருவருக்கும் வருவது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வீடியோ அழைப்புக்கும் நேரம் குறியுங்கள். சந்திப்போடு இப்படிப் பேசும் உரிமையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லியிருக்கிறது.

திருமணமாகாத பெற்றோருக்கு எழுத்து இன்னும் முக்கியம். அதே 1956 சட்டத்தில் அவர்கள் குழந்தைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் (நீதிமன்ற உத்தரவு இல்லாமலே சட்டம் ஏற்கும் பொறுப்பாளர்) தாய், அவருக்குப் பிறகே தந்தை. தாய் காப்பாளராகக் கேட்கும் மனுவில் தந்தையின் பெயரைச் சொல்லவே தேவையில்லை என்று 2015இல் தீர்ப்பும் வந்தது. அப்பா வாய்ப்பேச்சை நம்பாமல் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி உத்தரவு வாங்கிக்கொள்வது நல்லது.

எங்களுக்கு ஒரே குழந்தை, நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள். அடி, மிரட்டல் இருந்த வீட்டுக்கு என் அனுபவம் பொருந்தாது. அங்கே நீதிமன்ற வளாகத்தில், ஆள் முன்னிலையில் சந்திப்பதுதான் பாதுகாப்பு. இருவருக்கும் ஒரே பகுதியில் சொந்த வீடும், மாற்றல் இல்லாத வேலையும் இருந்தால் வாரம் மாற்றி வைத்துக்கொள்வதையே முதலில் யோசியுங்கள்.