மின்வேலி எனர்ஜைசர்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

வேலிக் கம்பிக்குத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் மெஷின்தான் எனர்ஜைசர். வெள்ளாடு, பால் மாடு, காய்கறிப் பாத்தி எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் நிலத்தில், வீட்டுக் கரண்டில் ஓடும் எனர்ஜைசர் ஒன்றையும் சோலார் எனர்ஜைசர் ஒன்றையும் தனித்தனி வேலிகளுக்கு வருடக்கணக்கில் ஓட்டி வருகிறேன். "எந்த மெஷின் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடுங்கோடையில் உங்கள் வேலியின் கடைசி முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது? அந்த எண்ணை விழவிடாத மெஷின்தான் நம்பகமான மெஷின். விளம்பரத்தில் இருக்கும் மற்ற எதுவும் இதற்கு ஈடாகாது.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டு இணைப்பிலிருந்து கம்பிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது மின்வேலி அல்ல, கொலை. எனர்ஜைசர் மின்சாரத்தைச் சேமித்து வைத்து, சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதை விடப் பல மடங்கு குறைவான நேரத்துக்கு மட்டும் அதை வெளியே விடுகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தொட்டவர் கையை விலக்கிக்கொள்ள இடைவெளி கிடைப்பது இதனால்தான். ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரம், 500 ஓம் மின்தடைச் சுமையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு (ஜூல் என்பது ஆற்றலின் அளவு) மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பெட்டியில் இந்தத் தர எண் அச்சிடப்படாத மெஷினை நான் கையால்கூடத் தொடுவதில்லை. முள்கம்பியில் இதை இணைக்கவே கூடாது. சிக்கிக்கொண்ட உயிர் விலக முடியாது. ஒரே வேலிக்கு இரண்டு எனர்ஜைசர் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து.

அடுத்து, பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு. ஒற்றைக் கம்பி, ஒரு புல்கூடத் தொடாத வேலி என்று வைத்துக்கொண்டு சொல்லும் கணக்கு அது. நான்கு வரிசைக் கம்பி கட்டி, கீழ்க் கம்பியில் கோரையும் கொடியும் படர்ந்தால் அந்த தூரத்தில் கால்வாசி மிஞ்சினாலே பெரிது. ஜூலைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் சேமிக்கும் ஜூல் வேறு, வெளியே வரும் ஜூல் வேறு. பெரிய எண்ணாகத் தெரிவதற்காகச் சிலர் சேமிக்கும் ஜூலை மட்டும் அச்சிடுகிறார்கள். வேலிக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. வெளியே வரும் ஜூல் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். களை தொட்டாலும் வோல்ட் சட்டென்று இறங்காத 'லோ இம்பீடன்ஸ்' வகைதான் தோட்டத்துக்குத் தாங்கும்.

மாட்டுக்கு 2,000 முதல் 3,000 வோல்ட் போதும். ஆட்டுக்கு 4,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரோமமும் காய்ந்த குளம்பும் அதிர்ச்சியைத் தடுத்துவிடும். புதிதாக வரும் ஆட்டை முதலில் சிறிய பட்டியில் விட்டு வேலியைப் பழக்குவேன். மூக்கை நீட்டி ஈரமான நுனியால் கம்பியை முகர்ந்து பார்க்கும். மூக்கில் பட்டால் பின்னால் துள்ளும், பிறகு கம்பிப் பக்கமே வராது. தலை உள்ளே நுழைந்தபின் கழுத்தில் பட்டால் முன்னால்தான் பாயும். பழக்காத ஆட்டை வைத்து மெஷினைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

இனி எர்த். கடைக்காரர்கள் அரை நிமிடத்தில் முடித்துவிடும் இந்த விஷயத்தில்தான் பாதி வேலிகள் தோற்கின்றன. கம்பியிலிருந்து மிருகத்தின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் ராடு (மண்ணில் இறக்கி மெஷினோடு இணைக்கும் இரும்புத் தண்டு) வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி. மண் காய்ந்துவிட்டால் அந்தச் சுற்று முடிவதில்லை. மெஷினின் டிஸ்ப்ளே 7,000 காட்டிக்கொண்டே இருக்கும், ஆடு சாவகாசமாகத் தாண்டிப் போகும்.

சோதிக்க எளிய வழி உண்டு. மெஷினை அணைத்துவிட்டு, அங்கிருந்து 100 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்கள். மீண்டும் போட்டால் வேலியின் வோல்ட் 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் இன்னும் சில கம்பிகளைச் சாய்க்கலாம். பிறகு கடைசி எர்த் ராடுக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் குத்திய சிறு ஆணிக்கும் இடையே மின்வேலி வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள். 300 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போதவில்லை. 2 மீட்டர் நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்றை 3 மீட்டர் இடைவெளியில் இறக்குவது குறைந்தபட்சம். எனக்கு அது மழைக்காலத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி வழிந்து எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் கூடுதல் ராடுகள் இறக்கி, வேலியில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த் கம்பியாக மாற்றிய பிறகுதான் கோடையிலும் வேலி நின்றது. இரண்டு கம்பியை ஒருசேரத் தொட்டால் மண் காய்ந்திருந்தாலும் அடிக்கும். வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே ராடு இறக்க வேண்டும். ஜிஐ ராடில் செம்புக் கம்பியை முறுக்காதீர்கள், இணைப்பு அரித்துப் போகும்.

மெஷினிலிருந்து வேலிக்குப் போகும் ஒயரிலும் கவனம் வேண்டும். வீட்டு ஒயரிங் ஒயர் இந்த வோல்ட்டைத் தாங்காது. மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். மின்வேலிக்கென்றே வரும் இரட்டை உறை ஒயர்தான் சரி. வெயிலில் வெடித்த இன்சுலேட்டர்களை இருட்டில் போய்த் தேடுவேன். 'டிக் டிக்' என்ற சத்தமும் நீலப் பொறியும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சோலாரில் பலவீனம் பாட்டரிதான். உள்ளேயே சிறிய பாட்டரி அடைத்து வரும் பெட்டிகள் தொடர்ந்து மேகம் மூடினால் படுத்துவிடுகின்றன. வெளியே 12 வோல்ட் பாட்டரி இணைக்கும் வகையையே பரிந்துரைப்பேன். கரண்ட் எட்டும் தூரத்தில் இருந்தால் சோலாரே வேண்டாம். அதே ஜூலுக்கு வீட்டுக் கரண்டில் ஓடும் மெஷின் சிக்கனம், தொல்லையும் குறைவு.

மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் இடி. இடி மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் அரெஸ்டரும், அது மெஷினுக்குள் பாயாமல் தடுக்கும் சோக்கும் போடுங்கள். வானம் இருண்டால் பிளக்கையும் வேலி இணைப்பையும் இரண்டையுமே கழற்றுங்கள். என் மெஷின் ஒன்று இடியில் போனபோது, கழற்றி மாட்டும் சர்க்யூட் போர்டு இருந்ததால்தான் பிழைத்தது. ஆகவே வாங்குமுன் உதிரிப் போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பணம் மிஞ்சினால் பெரிய மெஷினுக்குப் போகாமல், கசிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டும் மீட்டர் ஒன்று வாங்குங்கள்.