வரிக்குதிரை ஹவோர்த்தியா: ஜன்னலோரத்துக்கு வாங்கலாமா?

நேரடி வெயில் வராத வீட்டில் எக்கிவேரியா (ரோஜாப்பூ வடிவில் தடித்த இலைகள் கொண்ட செடி) வாங்குவது வீண் செலவு. அதற்குப் பதில், தடித்த இலைகளில் வெள்ளை வரிகள் கொண்ட இந்த வரிக்குதிரை ஹவோர்த்தியா. தென்னாப்பிரிக்காவில் புதர்களின் நிழலில் வளரும் செடி என்பதால் ஜன்னலோர வெளிச்சமே போதும். ஆனால் வெளிச்சமே இல்லாத குளியலறைக்கு ஆகாது. இலைகள் வெளிறி, இடைவெளி விட்டு நீளும். மாறாக, உச்சி வெயில் பட்டால் இலை சிவந்துவிடும்.

நர்சரிகளில் 'ஃபேசியாட்டா' என்ற இனத்தின் பெயரில் விற்பது பெரும்பாலும் அதைப் போலவே இருக்கும் இன்னொரு இனமான 'அட்டெனுவாட்டா'தான். இலையின் உட்புறத்தை, அதாவது செடியின் நடுவைப் பார்த்த பக்கத்தை, தடவிப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் ஃபேசியாட்டா, வெள்ளைப் புள்ளிகள் நெருடினால் அட்டெனுவாட்டா. பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே, அதனால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பெரிய குறை, செடியோடு வரும் தென்னை நார்க்கழிவு. மேலே காய்ந்தாலும் நடுவில் ஈரம் தேங்கும், வேர் அழுகும். வாங்கியதும் உதறிவிட்டு, செம்மண் 1 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) அல்லது பொடித்த செங்கல் 2 பங்கு கலந்து 4 அங்குல மண்தொட்டியில் நடுங்கள். அகலத் தொட்டி வேண்டாம்.

கலவை அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் இன்னும் தள்ளிப்போடலாம். நடு இலை லேசாக இழுத்ததும் கையோடு வந்தால் அடி அழுகிவிட்டது. அழுகலை வெட்டி, 4 நாள் நிழலில் உலர்த்தி மறுபடி நடுங்கள். இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.