இரைப்பைப் புற்றில் கீமோவின் பலனைப் பார்க்க சி.டி.யா, பெட்டா?

இரைப்பைப் புற்றுக்கு இப்போது பலருக்கு அறுவைக்கு முன்பே கீமோ தொடங்கிவிடுகிறார்கள். பல கீமோ மருந்துகளைச் சேர்த்துத் தரும் ஃப்ளாட் (FLOT) முறை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று, பிறகு அறுவை, அதன்பின் இன்னும் நான்கு. மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் நேரம் வந்ததும், செலவு கூடிய பெட் ஸ்கேன்தான் உறுதியாகச் சொல்லும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. இரைப்பை விஷயத்தில் அந்த நம்பிக்கை பல நேரம் ஏமாற்றிவிடும்.

சி.டி. பார்ப்பது அளவை. கட்டியின் அளவை வைத்து மருந்தின் பலனைக் கணிக்கும் ரெசிஸ்ட் (RECIST) விதிப்படி, குறித்து வைத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, 30 சதவீதம் குறைந்தால் பலன் என்றும், 20 சதவீதம் கூடினால் நோய் வளர்கிறது என்றும் கொள்வார்கள். கல்லீரலில் உள்ள உருண்டைக் கட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். இரைப்பையோ ஒரு பை. காலியாக இருந்தால் சுவர் தடித்துத் தெரியும், நிரம்பினால் மெலியும். ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான். முதல் தடவை நிறையக் குடித்து, அடுத்த தடவை அரை டம்ளரோடு படுத்தால், சுருங்கிய கட்டியும் வளர்ந்ததுபோலத் தெரியலாம். புற்று செத்த இடத்தில் வரும் தழும்பையும் மிச்சப் புற்றையும் பிரித்துக் காட்டவும் சி.டி.யால் முடியாது.

பெட் பார்ப்பது கட்டி சர்க்கரையை இழுக்கும் வேகத்தை; அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும். அளவு மாறுவதற்கு முன்பே இது மாறும். ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்து 2007இல் வெளியான மியூனிகான் ஆய்வு, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துப் புற்றை எடுத்துக்கொண்டது. கீமோ தொடங்கிய 14ஆம் நாளே பெட் எடுத்து, சர்க்கரை ஏற்பு 35 சதவீதமாவது குறையாதவர்களுக்கு மருந்தை நிறுத்தி நேரே அறுவைக்கு அனுப்பினார்கள். பலன் தராத மருந்தின் அவதியை மாதக்கணக்கில் சுமக்காமல் தப்பிக்க வழி கிடைத்தது பெரிய விஷயம்.

ஆனால் இரைப்பையில் பரவலாக ஊடுருவும் வகை, செல்கள் மோதிரம்போலத் தெரியும் முத்திரை மோதிர செல் வகை, சளி சுரக்கும் வகை ஆகிய புற்றுகள் பெரும்பாலும் சர்க்கரையை அவ்வளவாக இழுப்பதில்லை. முதலிலேயே ஒளிராத கட்டி கீமோவுக்குப் பிறகு ஒளிராமல் இருப்பதில் ஒரு சேதியும் இல்லை. அதனால் முதல் பெட்டில் பளிச்சென்று தெரிந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது பெட்; மற்றவர்களுக்கு, குறை இருந்தாலும், சி.டி.தான் என் தேர்வு. நிணநீர்க் கணு, கல்லீரல், வயிற்றில் கோத்த நீர் எல்லாவற்றையும் அது ஒரே தடவையில் காட்டிவிடும்.

வயிற்றின் உள்சவ்வில் ஒட்டிய பொடிப் புற்றுகளை இரண்டுமே தவறவிடும். அதற்கு, சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிதான்.

எதை எடுத்தாலும் கீமோவுக்கு முந்தைய ஸ்கேனின் ரிப்போர்ட் தாளோடு டிஸ்கையும் கொண்டுபோய்க் கொடுங்கள். படம் பார்க்கும் மருத்துவர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும்.